ஆள் வராமலே திறக்கும் கண்ணாடிக் கதவு: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, கதவு தானா தொறக்குது. ஆளே இல்ல." ஜவுளிக்கடையோ ஸ்கேன் சென்டரோ, மதுரையில் ஆட்டோமேட்டிக் கதவு வைத்த இடத்திலிருந்து போன் வந்தால் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "சென்சார் போயிருச்சு போல, புதுசு போட்ரலாமா?"

அவசரப்பட வேண்டாம். சும்மா சும்மா திறக்கிற சென்சார் அநேகமாக எதையோ பார்த்துவிட்டுத்தான் திறக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை விட்டுவிட்டு, சென்சாரின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி திருகை மட்டும் குறைத்துவைத்தால், வீணாகத் திறப்பது நிற்கும். கூடவே, கைத்தடி ஊன்றி மெதுவாக வருகிற பாட்டிக்கும் கதவு திறக்காது. அதனால் எல்லோரும் முதலில் கைவைக்கிற அந்தத் திருகு இங்கே கடைசியில்தான் வரும்.

கதவுக்கு எத்தனை கண்

சறுக்கிக்கொண்டு திறக்கும் கண்ணாடிக் கதவில் பொதுவாக மூன்று வகைக் கண்கள் இருக்கும். மூன்றும் ஏமாறும் விதம் வேறு வேறு. அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

முதலாவது ரேடார். கதவுக்கு மேலே, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றும் இருக்கும். பெரும்பாலானவை 24.125 கிகாஹெர்ட்ஸ் அளவில் மைக்ரோவேவ் அலையை அனுப்பும். அசைகிற பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து யாரோ வருகிறார்கள் என்று முடிவு செய்யும். இது அசைவை மட்டும்தான் பார்க்கும். அசையாமல் நின்றுவிட்டால் அதற்கு ஆள் இல்லை என்றே அர்த்தம். இன்னொரு குணமும் உண்டு: கண்ணாடி, பிளாஸ்டிக், மெல்லிய பிளைவுட் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும், உலோகத்தில் பட்டால் தெறிக்கும்.

இரண்டாவது அகச்சிவப்புக் கண். வாசற்படியை ஒட்டித் தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் திரைபோல இறக்கும். தரையிலிருந்து வழக்கமாக எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதை நினைவில் வைத்திருக்கும். அந்த அளவு மாறினால் அங்கே யாரோ நிற்கிறார்கள் என்று கணக்கு. கதவு ஆள்மேல் மோதாமல் காப்பது இதுதான். புது மாடல்களில் ரேடாரும் இதுவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

மூன்றாவது, நிலையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் சிறு துளைபோலத் தெரியும் சேஃப்டி பீம். இரண்டுக்கும் நடுவே போகும் ஒளியை ஏதாவது மறித்தால் கதவு மூடாது.

இவை தவிர, சில மலிவான கதவுகளில் உடல்வெப்பத்தை உணரும் சென்சார் மட்டும் இருக்கும். சித்திரை வெயிலில் சுவரும் தரையும் காற்றும் மனித உடம்பைவிடச் சூடாகிவிடும் ஊரில், வாசலுக்கு அதை நம்புவது என் கணக்கில் சரிப்படாது.

ஒரு பழைய செய்தி. அமெரிக்காவின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் ஹார்ட்டன், ஹீவிட் என்ற இருவர் 1954-ல் யோசித்து, 1960-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி சறுக்குக் கதவில் இந்தக் கண்கள் எதுவும் இல்லை. வாசலில் போட்ட கால்மிதியை மிதித்தால் திறக்கும், அவ்வளவுதான். வெயிலும் டியூப்லைட்டும் அதை ஏமாற்ற வழியே இல்லை.

படி 1: ஸ்க்ரூ டிரைவரை எடுக்காமல் வேடிக்கை பாருங்கள்

கதவு எப்போது வீணாகத் திறக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. முதலாளியைவிட வாட்ச்மேன் அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும், அவரிடம் கேளுங்கள். காலை நேரத்தில் மட்டும் என்றால் வெயில் அல்லது தரை கழுவிய ஈரம். மழையில் மட்டும் என்றால் காரணம் வெளியே இருக்கிறது. பஸ் போகும்போதெல்லாம் என்றால் அதிர்வு, அல்லது ரேடார் ரோடு வரைக்கும் பார்க்கிறது. விளக்கு போட்ட பிறகுதான் என்றால் விளக்கு. ஏசி கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது என்றால் கரண்ட்.

மூடி முடிக்கும் தறுவாயில் மறுபடி திறந்து, மூடி, மறுபடி திறந்து, நாள் முழுக்க இதே ஆட்டம் என்றால், சென்சார் தன் கதவையே ஆள் என்று நினைக்கிறது. எனக்குத் தெரிந்து அடிக்கடி வருகிற கோளாறு இதுதான். படி 5-ல் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு நாள் முழுக்க நேரத்தைத் துண்டுச்சீட்டில் குறித்துவைத்தாலே போதும். போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கதவோடு சென்சாரின் சின்ன விளக்கும் படத்தில் தெரிய வேண்டும்.

படி 2: எந்தக் கண் கூப்பிடுகிறது

அந்தச் சின்ன விளக்கு எதற்கு என்றால், பல மாடல்களில் ரேடார் அசைவைப் பார்த்தால் ஒரு நிறமும், அகச்சிவப்புக் கண் எதையாவது பார்த்தால் வேறு நிறமும் எரியும். எந்த நிறம் எதற்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். கதவு வீணாகத் திறக்கும் நொடியில் உள்ளே எரிகிறதா, வெளியே எரிகிறதா, எந்த நிறம் என்று பார்த்தால் வேலை பாதி முடிந்தது.

விளக்கு இல்லாத மாடலா? கதவின் மோடு சுவிட்சை 'வெளியே போக மட்டும்' என்று வையுங்கள். கடை மூடும் நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் வெளியேற வைக்கும் அதே மோடுதான். இதில் வெளிப்பக்க ரேடார் சொல்வதைக் கதவு கேட்காது. தொந்தரவு நின்றுவிட்டால் காரணம் வெளிப்பக்க ரேடார். நிற்கவில்லை என்றால் உள்பக்க சென்சார், அகச்சிவப்புக் கண், பீம், அல்லது வயர்.

சிலர் சென்சாரை அட்டையால் மூடிப் பார்ப்பார்கள். இதில் இரண்டு தவறு நடக்கும். ரேடார் அட்டையை ஊடுருவிப் போகும், அதனால் மூடியும் பயனில்லை. அகச்சிவப்புக் கண்ணுக்கோ அந்த அட்டையே ஆள்போலத் தெரியும், கதவு திறந்தபடி நின்றுவிடும். ரேடாரை மட்டும் சோதிக்க வேண்டுமானால் சமையலுக்குப் பயன்படுத்தும் அலுமினிய ஃபாயிலால் இறுக்கமாக மூடுங்கள். ஃபாயில் படபடத்தால் அதுவும் அசைவாகிவிடும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால், மெயினை அணைத்துவிட்டு அந்த சென்சாரின் சிக்னல் வயரை, கதவை இயக்கும் கன்ட்ரோலர் போர்டிலிருந்து கழற்றி, மறுபடி கரண்ட் கொடுத்துப் பாருங்கள். திறக்கும் சிக்னல் பெரும்பாலும், ஆள் வந்தால் இணைப்பு சேர்கிற வகை. பாதுகாப்பு சிக்னல் பல கதவுகளில், ஆள் வந்தால் இணைப்பு அறுகிற வகை. பின்னதைக் கழற்றினால் கதவு மூடவே மூடாது. அதைப் பார்த்துப் பயந்து போர்டு போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இந்தச் சோதனையின்போது வாசலில் ஒருவர் நின்று மற்றவர்களைத் தடுக்க வேண்டும். கண்ணாடிக் கதவின் எடை லேசுப்பட்டதல்ல.

படி 3: துடை, முறுக்கு

இதை வேகமாகவே சொல்லிவிடலாம். ஏணி போட்டு ஏறி, சென்சாரின் முகத்தை ஈரத் துணியால் துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட் வேண்டாம், பிளாஸ்டிக் மங்கிவிடும். சிலந்தி வலை, பல்லி எச்சம், உள்ளே குடியேறிய எறும்பு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பீமின் இரண்டு முகத்தையும் துடையுங்கள். தரையோடு நெருக்கமாக இருப்பதால் துடைப்பப் புழுதி முழுக்க அதில்தான் சேரும்.

அப்புறம் சென்சாரைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் முறுக்குங்கள். ரேடாருக்கு உலகம் அசைவதும் தான் அசைவதும் ஒன்றுதான். சென்சார் மாட்டிய மேல்பெட்டியின் மூடி தளர்ந்து, கதவு ஓடும்போது கடகடவென்று அதிர்ந்தாலும் இதே கதைதான். காளவாசல், கோரிப்பாளையம் மாதிரி பஸ்ஸும் லாரியும் நிற்காமல் போகும் இடங்களில் கட்டடமே லேசாக அதிரும். அங்கே ஸ்க்ரூ ஓரிரு மாதத்தில் தளர்வதைப் பார்க்கலாம்.

படி 4: கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். சென்சார் உயரத்தில் ஏணியில் நின்று, அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள்.

வாசலில் தொங்குவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாவிலைத் தோரணம், திருஷ்டிப் பூசணி, எலுமிச்சை மிளகாய்ச் சரம், ஆடித் தள்ளுபடிக்குக் கட்டிய காகிதக் கொடி. ஆடிக்காற்றில் இவை ஆட ஆட ரேடாருக்கு ஓயாத வேலை. திருஷ்டியை அவிழ்க்கச் சொன்னால் எந்த முதலாளியும் ஒப்பமாட்டார். சொல்லவும் வேண்டாம். ஆடாதபடி இறுக்கிக் கட்டுங்கள், அல்லது சென்சாரின் பார்வைக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். கடைக்குள்ளே பொம்மைக்கு உடுத்திய சேலையின் முந்தானை ஏசி காற்றில் ஆடினாலும் உள்பக்க ரேடார் பார்க்கும்.

அடுத்தது கண்ணாடி. உள்பக்க ரேடார் கதவுக் கண்ணாடியை ஊடுருவி வெளியே பார்க்கும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அது வாசலை நோக்கிச் சாய்ந்திருந்தால் ரோட்டில் போகும் ஆட்டோ வரைக்கும் எட்டும். வெளியே தேடித் தேடிக் களைத்த பிறகு, குற்றவாளி உள்ளே இருக்கும் சென்சார் என்று தெரியவரும்.

உலோகம் வேறு மாதிரி தொந்தரவு. எவர்சில்வர் தூண், பாதி இறக்கிய ஷட்டர், வாசலில் நிறுத்திய வண்டி, எதில் பட்டாலும் அலை தெறித்து, சென்சார் நேராகப் பார்க்காத மூலையில் நடப்பவரைக்கூட வாசலில் நடப்பவராகக் காட்டும். வண்டி நிற்கும்போது மட்டும் கோளாறு வருகிறது என்றால் சந்தேகத்தை அதன்மேல் வையுங்கள்.

அப்புறம் டியூப்லைட். பழைய காயில் சோக் போட்ட டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதற்குள் இருக்கும் வாயு மைக்ரோவேவைத் திருப்பி அனுப்பும் அளவு மாறுகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். 24.125 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒருவர் வந்தால் உண்டாகும் அதிர்வெண் மாற்றம் சுமார் 160 ஹெர்ட்ஸ். அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது வேடிக்கை பார்த்தபடி மெதுவாக நடந்து வருபவரின் வேகம். ரேடார் அந்த டியூப்லைட்டை ஒரு ஆளாகவே எண்ணிவிடுகிறது! நல்ல சென்சார்களில் இதற்கு வடிகட்டி உண்டு. ஆனாலும் பக்கத்திலேயே, அதுவும் மினுக்கிக்கொண்டே எரியும் டியூப்லைட் இருந்தால் வடிகட்டியும் திணறும். எல்இடிக்கு மாற்றிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. விளக்கை அணைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

விளக்கு என்றதும் இன்னொன்று. முதல் மழைக்குப் பிறகு ஈசல் வாசல் விளக்கை மொய்க்கும். அந்த விளக்கு சென்சாருக்கு நேர் கீழேயோ பக்கத்திலேயோ இருந்தால் இரவெல்லாம் கதவு திறந்து மூடும். விளக்கைத் தள்ளி வைப்பதுதான் வழி.

படி 5: தன் கதவையே பார்த்து மிரள்வது

மூடுவதும் திறப்பதுமாகத் தொடர்ந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, அகச்சிவப்புத் திரை கதவுப் பலகைக்கு மிக நெருக்கமாக விழுகிறது. அப்போது கதவு நகரும்போது அந்தத் திரையையே உரசுகிறது. சென்சாரின் சாய்வை ஓரிரு டிகிரி வெளிப்பக்கம் தள்ளினால் போதும். ஒரேயடியாகத் தள்ளினால் வாசற்படியில் நிற்பவர் அந்தத் திரைக்கும் கதவுக்கும் நடுவில் அகப்பட்டு, சென்சாருக்குத் தெரியாமல் போவார். இரண்டு, ரேடார் செங்குத்தாகக் கீழே பார்க்கிறது, கதவின் அசைவு அதன் பார்வைக்குள் வருகிறது. கோணத்தைச் சற்று முன்னே உயர்த்துங்கள்.

இரண்டும் உதவவில்லை என்றால் கதவின் ஓட்டத்தைப் பாருங்கள். கீழ் வழிகாட்டி தேய்ந்து கண்ணாடி முன்னும் பின்னும் ஆடுகிறதா, பெல்ட் தளர்ந்து நிற்கும்போது உதறுகிறதா என்று கவனியுங்கள். மூடவிடாமல் எதுவோ தடுக்கிறது என்று கன்ட்ரோலரே நினைத்தாலும் கதவு பின்வாங்கித் திறக்கும். அது சென்சார் கோளாறே அல்ல. விளக்கு எரியாமலே கதவு திரும்பித் திறந்தால் தண்டவாளத்தில் கல், வெற்றிலைக் காம்பு, பிளாஸ்டிக் துண்டு ஏதாவது கிடக்கும்.

படி 6: வெயிலும் தரையும்

நம் ஊரின் பழைய தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக, திசை பார்த்து அமைந்தவை. கீழமாசி வீதியும் மேலமாசி வீதியும் தெற்கு வடக்காக ஓடுவதால் அங்கே கடைகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்துத்தான் நிற்கும். சாய்வெயில் நேராக வாசலில் விழும். தெற்குமாசி வீதியில் தெற்கு பார்த்த கடைக்கு மார்கழி, தை மாதங்களில் நடுப்பகல் வெயிலும் உள்ளே வரும். மதுரை சுமார் 10 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கேயோ வடக்கேயோ விலகும். "போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு" என்பதற்குப் பல சமயம் இதுதான் பதில். எதிர்க்கட்டடக் கண்ணாடியில் பட்டு வரும் வெயில் வருடத்தில் சில வாரம் மட்டும் உங்கள் வாசலைத் தொடும்.

அகச்சிவப்புக் கண்ணுக்கு இந்த வெளிச்சம் ஆகாது. அதுவும் பளபளவென்று பாலிஷ் போட்ட கிரானைட் தரையில் பட்டு நேராக சென்சாருக்குள் ஏறினால் தடுமாறும். தரை கழுவிய ஈரமும் இதே போலத்தான். வாசலில் மங்கலான நிறத்தில் மேட் போடுங்கள், நகராதபடி ஒட்டிப் போடுங்கள். மேல் மறைப்பை ஓரிரு அடி நீட்டுங்கள். சென்சாரில் வெளிச்சத் தொந்தரவைக் குறைக்கும் ஃபில்டர் அமைப்பு இருந்தால் ஒரு படி ஏற்றுங்கள்.

காலையில் புதிதாகப் போட்ட கோலமும், நகர்த்தி வைத்த மேட்டும், அகச்சிவப்புக் கண் நினைவில் வைத்திருக்கும் தரை ஒளியின் அளவை மாற்றிவிடும். பெரும்பாலான சென்சார்கள் சற்று நேரத்தில் புதுத் தரையை ஏற்றுக்கொள்ளும். ஏற்காவிட்டால் மறுபடி தரையைக் கற்கவைக்க வேண்டும். கதவை மூடி, வாசலில் யாரும் நிற்காமல் விலகி, ரிமோட்டிலோ பட்டனிலோ செட்டப் கொடுத்துக் காத்திருங்கள். அந்த நேரத்தில் ஏணியை அங்கேயே விட்டிருந்தால் ஏணியும் தரையின் பகுதி என்று மனப்பாடம் ஆகிவிடும்.

படி 7: மழை

ஐப்பசி அடைமழையில் வெளி ரேடார் படும் பாடு வேறு. விழுகிற துளியும் அசைவுதான். அதைவிடத் தொல்லை, சன்ஷேடு விளிம்பிலிருந்து ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் நீரும், காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாயும். தகரத்தில் ஒரு சின்ன ஓடை வைத்து நீரை ஓரமாக வடித்துவிடுங்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். சென்சாருக்கு மேலே கம்பெனி தரும் மழை மூடி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் உலோகம் அல்லாத சிறு மறைப்பு போதும். மழைக்கான ஃபில்டரை ஏற்றினால் சென்சார் கொஞ்சம் தாமதமாகவே முடிவெடுக்கும். மழை முடிந்த பிறகு வேகமாக நடந்து சோதிக்க மறக்க வேண்டாம்.

படி 8: கரண்ட்

எந்தக் கண்ணும் எரியாமல் கதவு திறந்தால் வயரிங்தான் அடுத்தது. சென்சார்கள் பெரும்பாலும் 12 முதல் 24 வோல்ட்டில் ஓடும். மல்டிமீட்டரை சென்சார் முனையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து மூடுங்கள். மோட்டார் இழுக்கும் கணத்தில் வோல்ட்டேஜ் விழுந்து எழுந்தால் சென்சார் அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது என்று அர்த்தம். உயிர்பெற்றதும் பல சென்சார்கள் ஒருமுறை கதவைத் திறக்கும். பவர் சப்ளையை மாற்றுங்கள், அல்லது தளர்ந்த டெர்மினலைத் தேடுங்கள். மெயின் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியிலும் இதே நடக்கும்.

சிக்னல் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இடம் மிச்சம், ஆனால் ஏசி ஓடத் தொடங்கும்போதெல்லாம் கதவு திறக்கும். தனி பைப்பில் கவசமுள்ள வயர் இழுப்பதே நிரந்தரத் தீர்வு. 230 வோல்ட் பக்கம் கை வைக்க வேண்டியது எலெக்ட்ரீஷியன்.

படி 9: கடைசியாக அந்தத் திருகு

இத்தனைக்குப் பிறகும் மீந்திருந்தால், அமைப்பை இந்த வரிசையில் மாற்றுங்கள்: கோணம், அகலம், திசை, அதற்குப் பிறகே சென்சிட்டிவிட்டி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். நான்கையும் சேர்த்துத் திருகினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

நடைபாதையே இல்லாமல் தெருவோடு ஒட்டிய கடைகளுக்கு கோணமும் அகலமும்தான் உயிர். ரேடாரைக் கீழ்நோக்கிச் சாய்த்து வாசலுக்கு ஒன்றரை மீட்டருக்குள் பார்க்க வையுங்கள், குறுகலான பரப்பைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே நடப்பவரை ஒதுக்கும் வசதியும், நெருங்கி வருபவருக்கு மட்டும் திறக்கும் வசதியும் சில மாடல்களில் உண்டு. சித்திரைத் திருவிழாவில் தேர் பார்க்க வாசலை அடைத்துக் கூட்டம் நிற்கிற அன்று எந்த அமைப்பும் தாங்காது. மோடு சுவிட்சைத் திறந்தபடி வைத்துவிடுங்கள், மோட்டாருக்காவது ஓய்வு கிடைக்கும்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வைத்த மருத்துவமனைகளில் எதிரெதிரே பார்க்கும் இரண்டு ரேடார்கள் ஒன்றின் அலையை மற்றொன்று வாங்கிக் குழம்பும். கோணத்தை விலக்குவது உதவும். சில மாடல்களில் வேறு அலைத்தடத்துக்கு மாற்றும் வசதியும் உண்டு.

தொல்லை தாங்காமல் சேஃப்டி பீமை ஜம்பர் வயர் போட்டு ஏமாற்றி வைப்பதை மட்டும் செய்யவே கூடாது. ஐரோப்பாவில் இயந்திரக் கதவுகளின் பாதுகாப்புக்கென்றே 2012-ல் இஎன் 16005 என்ற தரவிதி வந்தது. நம் ஊர்க் கதவுகள் பலவற்றின் பெட்டியிலும் அந்தப் பெயர் அச்சாகியிருக்கும். பீமைத் துண்டித்த கதவுக்கு அந்த அச்சால் ஒரு பயனும் இல்லை.

முடிவில் நடந்து பாருங்கள். வேகமாக, மிக மெதுவாக, ஓரத்திலிருந்து, கையில் பெட்டியோடு, உயரம் குறைந்த ஒருவரை விட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளி. பிறகு வாசற்படியில் அசையாமல் நில்லுங்கள், கதவு உங்கள்மேல் மூடக்கூடாது. எல்லாம் சரி என்றால் கோணம், அகலம், சென்சிட்டிவிட்டி எண்களையும் தேதியையும் எழுதி மேல்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து வரும் சர்வீஸ் ஆள் மூடியைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.